ஒரு கண்ணும் இரண்டு பந்துகளும்

குறையில்லாத மனிதன் உலகில் இல்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்கு அது எளிது. குறையை முகத்திலேயே சுமந்து திரிகிறவனுக்கு அந்தச் சொல் ஆறுதல் தருவதில்லை. எனக்குத் தந்ததில்லை. எனக்கு ஆறுதல் தந்தது ஒரு சொல் அன்று. ஒரு மனிதரின் வாழ்க்கை. அந்த வாழ்க்கையின் திருப்பம், நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஐதராபாத் நகரிலேயே நிகழ்ந்தது. நம் மன்றத்து நண்பர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். ஆகையால் எழுதத் துணிந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர் என் ஊர். ஒன்பது வயதில் ஊர் மந்தையில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தபோது, எதிரே நின்றவன் அடித்த புள் என் வலக் கண்ணில் பாய்ந்தது. கண் இருக்கிறது, பார்வை இல்லை. அன்று முதல் நான் ஒரு கலையில் தேர்ந்தேன். அதுதான் மறைக்கும் கலை. வகுப்பில் எப்போதும் வலக் கோடியில் உட்காருவேன். அப்போதுதான் எல்லோரும் என் இடப் பக்கத்தில் இருப்பார்கள். படம் எடுக்கும்போது முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வேன். விளையாட்டு என்றால் தலைவலி என்பேன். விடுதித் திடலில் மாலைதோறும் கேட்கும் கூச்சலைச் சன்னலோரம் நின்று கேட்பதோடு சரி.

சென்ற பொங்கல் விழாவுக்குச் சிகந்தராபாதிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தவர். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தம்பிக்கு வலக் கண் தெரியாதோ என்று மெல்லக் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. ஆனால் அவர் இரக்கப்படவில்லை. ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டவும் இல்லை. பட்டோடியைத் தெரியுமா என்றுதான் கேட்டார். நடிகர் சைஃப் அலிகானின் தந்தை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். தாம் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தந்தையோடு போய்ப் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாயசம் ஆறிப் போயிற்று. அன்றிரவே நூல்களைத் தேடத் தொடங்கினேன்.

மன்சூர் அலிகான் பட்டோடி 1941-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் போபாலில் பிறந்தார். தந்தை இஃப்திகார் அலிகான், தில்லிக்கு அருகிலுள்ள பட்டோடி என்னும் சிறு சமஸ்தானத்தின் நவாப். தாய் சாஜிதா சுல்தான், போபால் நவாபின் மகள். செல்வத்துக்குக் குறைவில்லை. அதனினும் பெரியது தந்தையின் புகழ். இங்கிலாந்து, இந்தியா என்னும் இரண்டு நாடுகளுக்கும் டெஸ்ட் ஆடியவர் அவர். 1932-இல் சிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே 102 ஓட்டங்கள் எடுத்தார். 1946-இல் இந்திய அணியின் தலைவராக இங்கிலாந்து சென்றார். 1952-ஆம் ஆண்டு அதே ஜனவரி 5-ஆம் நாள், தில்லியில் குதிரை மீதேறிப் போலோ ஆடிக்கொண்டிருக்கையில் உயிர் நீத்தார். அன்று மகனுக்குப் பதினோராவது பிறந்த நாள். பிறந்த நாளும் தந்தையின் நினைவு நாளும் ஒன்றாகிவிட்ட சிறுவனின் மனத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வின்செஸ்டர் பள்ளியில் 1959-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 1,068 ஓட்டங்கள் குவித்தார். அப்பள்ளியில் 1919 முதல் நின்றிருந்த டக்ளஸ் ஜார்டினின் சாதனை அதனால் வீழ்ந்தது. 1957-லேயே, பதினாறு வயதில், சசெக்ஸ் அணிக்கு ஆடிவிட்டார். பிறகு ஆக்ஸ்போர்டு. 1961-இல் அப்பல்கலைக் கழக அணிக்குத் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. பந்து புறப்படும்போதே அதன் போக்கை அறிந்துவிடும் கண்கள் அவருக்கு வாய்த்திருந்தன என்று அன்று பார்த்தவர்கள் வியந்தார்கள். கண்கள்! விதி அங்கேதான் கை வைத்தது.

1961 ஜூலை 1. ஹோவ் என்னும் கடற்கரை ஊரில் சசெக்ஸுக்கு எதிரான ஆட்டம். அன்றைய ஆட்டம் முடிந்து நண்பர்கள் உணவருந்தினார்கள். தங்கியிருந்த ஓட்டல் தூரமில்லை. சிலர் நடந்தே போகலாம் என்று இறங்கிவிட்டார்கள். மன்சூர் காரிலேயே இருந்தார். சிறிது தூரம்தான். எதிரே வேறொரு கார் குறுக்கிட்டது. மோதலில் முன் கண்ணாடி நொறுங்கி, அதன் சிதறல் ஒன்று அவருடைய வலக் கண்ணுக்குள் புகுந்தது. அறுவை செய்தார்கள். கண்ணைக் காத்தார்கள், பார்வையைக் காக்க இயலவில்லை. அப்போது வயது இருபது.

ஒரு கண் போனால் மறு கண் இருக்கிறதே, பாதி உலகம் தெரியுமே என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியன்று. நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறான இரண்டு இடங்களிலிருந்து பார்க்கின்றன. அந்த இரண்டு காட்சிகளையும் மூளை இணைத்துத்தான் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கிறது. ஒரு கண் போனால் உலகம் தெரியும். ஆனால் படம்போலத் தட்டையாகத் தெரியும். வேகப் பந்து வீச்சாளரின் கையிலிருந்து புறப்படும் பந்து, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டையை அடைகிறது. அதற்குள் தொலைவைக் கணிக்க வேண்டும். ஒற்றைக் கண்ணோடு இது எப்படி இயலும்?

பந்து இருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து வந்த மன்சூருக்குக் கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றுவதே பெரும்பாடாயிற்று. தண்ணீர் மேசையில் கொட்டிற்று. சிகரெட்டுக்கு நெருப்பு வைத்தால் நெருப்பு நுனிக்கு எட்டாமல் நின்றது. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அம்மா தோசை ஊற்றும்போது நான் தட்டை நீட்டுவேன். தோசை தரையில் விழும். கவனமில்லாத பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். கவனக் குறைவன்று அது என்று எனக்கே அதுவரை தெரியாது.

சில வாரங்களிலேயே அவர் வலைப் பயிற்சிக்குத் திரும்பினார். பந்து எங்கோ வந்தது. மட்டை எங்கோ போயிற்று. ஆயினும் நிறுத்தவில்லை. அவ்வாண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். அப்போது டெட் டெக்ஸ்டர் தலைமையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணி நம் நாட்டில் சுற்றுப் பயணம் செய்துகொண்டிருந்தது. நவம்பர் மாதம் ஐதராபாத்தில் அவர்களை எதிர்க்க வாரியத் தலைவர் அணி ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்குமாறு மன்சூரை அழைத்தார்கள். விபத்து நடந்து ஐந்தே மாதம்!

பெரியவர் சிறு வயதில் பார்த்த ஆட்டம் இதுதான். பழுதான கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் என்னும் வில்லையைப் பொருத்திக்கொண்டு மன்சூர் ஆட வந்தார். வில்லை பார்வையைத் தந்தது. கூடவே ஒரு தொல்லையையும் தந்தது. பந்து ஒன்று வர, அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. இரண்டுக்கும் இடையே ஆறேழு அங்குலம். எது மெய்? எது பொய்? உள் பக்கமாக வருவதே மெய்யான பந்து என்று முடிவு செய்து அதை அடித்தார். அப்படியே தேநீர் இடைவேளை வரை 35 ஓட்டங்கள் சேர்த்துவிட்டார். இடைவேளையில் ஒரு காரியம் செய்தார். வில்லையைக் கழற்றிவிட்டார். பழுதான கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண் ஒன்றினாலேயே ஆட்டத்தைத் தொடர்ந்தார். 70 ஓட்டங்கள். தம் அணியில் அதிக ஓட்டம் எடுத்தவர் அவரே.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். எனக்கு இக்கதை முழுவதும் அந்தத் தேநீர் இடைவேளையில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டு கண்ணுடையவராகத் தம்மை ஆக்கிக்கொள்ள முயன்ற வரையில் அவருக்கு உலகம் இரண்டாகத் தெரிந்தது. ஒற்றைக் கண்ணரே நான் என்று ஒப்புக்கொண்ட பிறகு பந்து ஒன்றாயிற்று. பார்வை கூடவில்லை; குறைந்தது. ஆனால் பொய்ப் பந்து மறைந்தது. நான் பத்தாண்டுகளாக முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டதும் ஒரு வில்லைதானே! அது எனக்கு எத்தனை பொய்ப் பந்துகளைக் காட்டியிருக்கிறது! பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கண்ணையே பார்க்கிறார்கள் என்பதும் அவற்றுள் ஒன்று.

பின்னர் நடந்தவை கிரிக்கெட் அன்பர்கள் அறிந்தவை. விபத்து நிகழ்ந்து ஆறு மாதங்கள் நிறையுமுன் தில்லியில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். எடுத்தது 13 தான். அடுத்துக் கல்கத்தாவில் 64. 1962 ஜனவரியில் நம் சென்னைப் பட்டணத்தில் 103. முதல் டெஸ்ட் சதத்தைக் கண்ட பேறு நம்மவர்க்கே கிட்டியது. அந்த ஆட்டத்தில் இந்தியா 128 ஓட்டங்களில் வென்றது. இங்கிலாந்தைத் தொடரில் முதன் முதலாக வென்றதும் அப்போதுதான். தொப்பியை வலக் கண்ணுக்கு மேலே தாழ இழுத்துவிட்டுக்கொண்டு ஆடுவது அவர் வழக்கமாயிற்று. அழகுக்காக என்று பலர் எண்ணினார்கள். இரட்டைக் காட்சியை மறைக்கும் திரை அது.

அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குத் துணைத் தலைவராகப் போனார். பார்படாஸில் கிரிஃபித் வீசிய பந்து தலைவர் நாரி கண்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. தலைமை மன்சூரின் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 21-ம் 77 நாட்களும். உலகின் மிக இளைய டெஸ்ட் தலைவர் என்ற அந்தப் பெயர் 2004 வரை நிலைத்தது. எண்ணிப் பாருங்கள்: தலைவர் மண்டை உடைந்து படுத்திருக்கிறார், அதே வேகப் பந்துகளை எதிர்கொள்ள ஒற்றைக் கண்ணர் ஒருவர் முன்னே நடக்கிறார். தொடரில் ஐந்து ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. தோல்விதான், ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை.

1964-இல் தில்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203. அதே ஆண்டு சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128. 1967-இல் லீட்ஸ் நகரில் இந்தியா 164-க்குச் சுருண்டு, மீண்டும் ஆட நேர்ந்தபோது, அவர் அடித்த 148 அணியை 510 வரை தூக்கிச் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்னில் தொடைத் தசை பிசகிய நிலையில் ஆடி 75-ம் 85-ம் எடுத்தார். ஒரு காலும் ஒரு கண்ணும் கொண்டு ஆடிய ஆட்டம் என்று அதை இன்றும் பேசுகிறார்கள். 1968-இல் நியூசீலந்தில் தொடரை 3-1 என்று வென்றார். அயல் மண்ணில் இந்தியா வென்ற முதல் தொடர் அது.

எனினும் என்னை மிகவும் கவர்ந்தவை மட்டையால் செய்தவை அல்ல. ஒன்று, அவர் பந்து தடுத்த அழகு. தொலைவைக் கணிக்க இரண்டு கண்களும் மிகத் தேவைப்படும் இடம் கவர் என்னும் இடம். அங்கேயே நின்றார், வேங்கைபோலப் பாய்ந்தார். குழந்தைப் பருவம் முதல் டைகர் என்பது அவருடைய செல்லப் பெயர். அதற்கு மைதானத்தில் பொருள் கிடைத்தது. மற்றொன்று, மைசூர்க்காரரான பகவத் சந்திரசேகர் கதை. போலியோவால் மெலிந்துபோன வலக் கை அவருக்கு. அந்தக் கையாலேயே பந்து வீசினார். 1964 ஜனவரியில் பம்பாயில் அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது அணித் தலைவர் மன்சூர். மெலிந்த கை வீச, ஒற்றைக் கண் வழிநடத்த, அந்த அணி ஆடிற்று. சந்திரசேகர் 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இனி நம் ஐதராபாத்துக்கு வருவோம். தில்லிக்காக ஆடிவந்த மன்சூர், 1965-66 முதல் சுமார் பத்தாண்டுகள் ரஞ்சிக் கோப்பையில் ஐதராபாத் அணிக்கு ஆடினார். அவருடைய நண்பர் எம்.எல்.ஜெயசிம்மா இந்த அணியின் தலைவர். இந்தியாவின் தலைவர் ஐதராபாத்தில் ஜெயசிம்மாவின் கீழ் ஆடினார். இந்திய அணியில் ஜெயசிம்மா இவரின் கீழ் ஆடினார். யார் பெரியவர் என்ற வழக்கே எழவில்லை. இத்தனை வீரர்கள் இருந்தும் அந்த ஆண்டுகளில் ஐதராபாத் ரஞ்சிக் கோப்பையை வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் பெரிய ஆட்டங்கள் நடந்த ஃபதே மைதானம் 1967 முதல் லால் பகதூர் மைதானம் என்று பெயர் பெற்றது. பஷீர்பாக் பக்கம் போகும் நண்பர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு. 1971-இல் தேர்வுக் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்டின் ஒரே வாக்கால் தலைமைப் பதவி வாடேகரிடம் போயிற்று. அதே ஆண்டு மன்னர் பட்டங்களும் மானியமும் சட்டத்தால் நீங்கின. கண் போயிற்று, பதவி போயிற்று, பட்டமும் போயிற்று. 1973 ஜனவரியில் வெறும் மன்சூர் அலிகானாகச் சேப்பாக்கத்துக்கு வந்து 73 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா வென்றது. 1974-75-இல் மீண்டும் தலைமை ஏற்று மேற்கிந்தியரோடு மோதி, 2-3 என்று தொடரை இழந்து ஓய்வு பெற்றார். மொத்தம் 46 டெஸ்டுகள், 40-இல் தலைவர், 2,793 ஓட்டங்கள், 6 சதங்கள், சராசரி 34.91. 2011 செப்டம்பர் 22-ஆம் நாள் தில்லியில் காலமானார். பட்டோடி மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

சராசரி 34.91 என்பது உலகை வியக்க வைக்கும் கணக்கன்று. அது அவருக்கும் தெரியும். இரண்டு கண்களோடு தாம் நாடிய முழுமை இனிக் கிட்டாது, அதற்குச் சற்றுக் கீழே நிற்பதற்கு மனம் இசைய வேண்டும் என்று தம் வரலாற்றில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. குறையை வென்றார், வென்றார் என்று நாம் முரசு அறைகிறோம். அவர் குறையை வெல்லவில்லை. கண் திரும்பவில்லை. குறையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டு ஆடினார்.

அவர் நவாபின் மகன், அவருக்கு என்ன என்று கேட்கும் நண்பர் ஒருவர் என் அறையிலேயே இருக்கிறார். கேள்வி நியாயமானது. நல்ல மருத்துவமும், வீழ்ந்தால் தாங்கும் செல்வமும் அவருக்கு இருந்தன. என் ஊர்ச் சிறுவனுக்கு இல்லை. 1965 போரில் குண்டடி பட்டு, 1972-இல் ஐடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர் நவாப் அல்லர். பேருந்தால் கால் நசுங்கி, 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் கொணர்ந்த சேலத்து மாரியப்பனும் நவாப் அல்லர். செல்வம் நல்ல மருத்துவரைத் தரும்; பந்தை மட்டையில் கொண்டுவந்து சேர்க்காது.

என் போன்றவனுக்கு மற்றொரு சிக்கல். சட்டப்படி சலுகைகள் பெற 40 விழுக்காடு குறை வேண்டும். ஒரு கண் போய் மறு கண் நன்றாய் இருப்பவனுக்கு 30 விழுக்காடு என்றே கணக்கு. முழுமையானவர்கள் வரிசையிலும் இடமில்லை. மற்ற வரிசையிலும் இடமில்லை. மன்சூரும் அந்த நடுவில் நின்றவர்தாம். எந்த வரிசை என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சென்ற மாதம் விடுதிகளுக்கிடையே கிரிக்கெட் போட்டி நடந்தது. பெயர் எழுதும் தாள் அறிவிப்புப் பலகையில் மூன்று நாள் தொங்கிற்று. மூன்றாம் நாள் இரவு என் பெயரை எழுதினேன். காலையில் அணித் தலைவரிடம் போய், எனக்கு வலக் கண் தெரியாது, பந்து என் இடப் பக்கமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள் என்று சொன்னேன். பத்தாண்டுகளில் நான் முதன் முதலாக வாய் திறந்து சொன்னது அது. அந்த ஆந்திர நண்பர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்! இதற்கா பத்தாண்டுகள் நடுங்கினேன்?

ஆட்டத்தில் நான் எடுத்தது 4 ஓட்டங்கள். உயரே வந்த பந்து ஒன்றைப் பிடிக்கப் போய், அது எனக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நாங்கள் தோற்றோம். மறுநாள் மாலை மீண்டும் திடலுக்குப் போனேன்.

இந்த மலருக்காக மன்றத்தின் குழுப் படம் எடுத்தார்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவன் நான். முகத்தை நேராக வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.